தலைகீழாய்த் தெரிந்த தாம்பரம்

மெட்டுகுடா,
செகந்திராபாத்.
ஏப்ரல் மாதம், ஞாயிற்றுக்கிழமை.

பாசமுள்ள மகள் எலிசபெத்துக்கு அப்பா சவரிமுத்து எழுதுவது.

ஆண்டவர் தயவில் நான் சுகமாக இருக்கிறேன். நீ சுகமாக இருப்பது போனில் பேசியதால் தெரியும். தெரிந்தாலும் கடிதத்தில் கேட்டுத்தான் எழுத வேண்டும் என்று ஸ்ரீஜா டீச்சர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அதனால் கேட்கிறேன். சுகமா அம்மா?

இது நான் என் கையால் எழுதும் முதல் கடிதம். உன் அம்மா ஆரோக்கியமேரி இருந்தவரை அவள்தான் சொந்தக்காரர்களுக்கெல்லாம் எழுதுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, நானும் விசாரித்ததாகப் போடு என்று மட்டும் சொல்வேன். அப்படிக் கடைசி வரியிலேயே காலம் தள்ளியவன் இன்று முதல் வரிக்கு வந்துவிட்டேன். இதுவரை எழுதுவதற்குள் டீ ஆறிவிட்டது. சூடு பண்ணிக் கொண்டுவந்தேன், மறுபடியும் ஆறிவிட்டது. வரிகள் வலது பக்கம் போகப் போகக் கீழே இறங்குகின்றன. பிடித்து நிறுத்தினாலும் நிற்பதில்லை. நீ பொறுத்துக்கொண்டு படி.

தமிழ் வகுப்பு நன்றாக நடக்கிறது. ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் ஹாலில் பாய் விரித்துவிடுகிறார்கள். பிள்ளைகள் முன்னால், நான் பின்னால். வீட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் காதில் தமிழ் விழுகிறது, வாயில் வருவது தெலுங்குதான். நான் கரும்பலகையில் ஒற்றெழுத்தை விட்டுவிட்டு எழுதினால், "தாத்தா, தப்பு ராசாவு" என்று ஒரே சத்தம். தப்பாக எழுதிவிட்டாயாம். சரி, நீ சரியாக எழுது என்று சாக்பீஸை நீட்டினால் எல்லாரும் மேலே சுற்றும் ஃபேனைப் பார்க்கிறார்கள். போன வாரம் டீச்சர் என் நோட்டில் சிவப்பு மையில் டிக் போட்டு, நீங்கள் இனிக் கடிதமே எழுதலாம் என்று சொன்னார். நான் அதை வழியெல்லாம் நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

எதை எழுதினாலும் டீச்சரிடம் காட்டித் திருத்தி வாங்குவேன். இந்தக் கடிதத்தை மட்டும் காட்டப்போவதில்லை. ஏன் என்று போகப் போக உனக்கே தெரியும்.

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. கீழ்வீட்டுக்காரர்கள் மோட்டார் மாற்றிவிட்டார்கள், தண்ணீர்க் கஷ்டம் இல்லை. முழங்கால் பரவாயில்லை. உன் கல்யாணப் பேச்சை இந்தக் கடிதத்தில் எடுக்கமாட்டேன், பயப்படாதே. இதில் உன்னைக் கேள்வி கேட்கும் தகுதி எனக்கு இல்லை.

லோத்குண்டாவில் ஒருவர் பழைய ஜூம் லென்ஸ் ஒன்றை மலிவாக விற்கிறார், அதை வாங்கலாமா, நேரில் போய்ப் பார்த்துச் சொல்லுங்கள் என்று நீ என்னைக் கேட்டாய். நான் பார்த்தேன். உள்ளே பூஞ்சை பிடித்திருக்கிறது, வேண்டாம் என்று சொன்னேன். நீயும் விட்டுவிட்டாய்.

அதைப் பற்றித்தான் எழுத வேண்டும். இப்போது விரல் வலிக்கிறது. விரல் மட்டும் இல்லை. நாளைக்கு எழுதுகிறேன்.

திங்கட்கிழமை.

போனிலேயே சொல்லிவிட்டால் என்ன என்று நீ நினைப்பாய். முயற்சி பண்ணினேன். உன் குரலைக் கேட்டதும் வாய் வேறு எதையோ பேசிவிடுகிறது. காகிதத்தில் அப்படி முடியவில்லை. ஒவ்வொரு எழுத்தையும் யோசித்து யோசித்துப் போடுகிறவனால் பொய் எழுத முடியாது அம்மா. பொய்க்கு வேகம் வேண்டும்.

நான் அங்கே போன கதையை முதலிலிருந்து சொல்கிறேன். லென்ஸ்காரர் பெயர் ஜம்புநாதன். ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். என்னைவிட ஒன்றிரண்டு வயது சின்னவராக இருப்பார். ஃபிலிம் போட்டு எடுக்கிற காலத்தில் ஞாயிறு தோறும் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைகளுக்குப் போவாராம். இப்போது கை நடுங்குகிறது. நடுங்குகிற கையில் இந்த லென்ஸ் எதற்கு, யாராவது இளவயசுக்காரர்கள் உபயோகிக்கட்டும் என்று விற்கிறார்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று நீ போனில் எழுதி அனுப்பியிருந்தாய். எனக்கு இன்னும் மனசுக்குள் படிக்க வராது, வாய்விட்டுத்தான் படிக்க வரும். அவர் வீட்டு ஹாலில் நின்று, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிச் சத்தமாகப் படித்தேன். பூசையில் வாசகம் வாசிக்கும்போது நிற்பதுபோல் அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டார். ஒவ்வொரு வரி முடிந்ததும், சரியான கேள்வி, இதோ பாருங்கள் என்று காட்டினார். உங்கள் மகள் விவரமான பெண் என்றார். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா.

டார்ச் அடித்து உள்ளே பார்க்கச் சொல்லியிருந்தாய். பார்த்தேன். கண்ணாடி சுத்தமாக இருந்தது. முன்பக்கம் இரண்டு தூசிப் பொட்டு, அவ்வளவுதான். பூஞ்சை என்றால் சிலந்தி நூல் மாதிரி கிளை விட்டிருக்கும் என்று அவரே விளக்கினார். அப்படி எதுவும் இல்லை. அந்தத் தூசியைப் பார்த்ததும் என் கை பழக்கதோஷத்தில் சட்டை நுனியை எடுத்துத் துடைக்கப் போய்விட்டது. அவர் பதறிக் கையைப் பிடித்துக்கொண்டார். லாம்ப் ரூமில் சிக்னல் விளக்கின் கண்ணாடியைத் துடைக்காமல் விட்டால் சார்ஜ் ஷீட், இங்கே துடைத்தால் குற்றமா என்று கேட்டேன். அவர் சிரித்து, அது கனமான கண்ணாடி, எதையும் தாங்கும், இதன் மேல் ஒரு பூச்சு இருக்கிறது, சட்டையால் துடைத்தால் போய்விடும் என்றார். நான் ரயில்வேயில் விளக்குக்காரனாக இருந்தது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. உடனே காபி போடச் சொல்லிவிட்டார்.

காபி குடித்ததும், வெறும் லென்ஸைப் பார்த்தால் என்ன தெரியும், வாருங்கள் என்று தன் ஃபிலிம் கேமராவில் அதை மாட்டி மாடிக்கு அழைத்துப்போனார். அங்கிருந்து மிலிட்டரி மைதானத்தைத் தாண்டிப் பெரிய ரோடு தெரிகிறது. வெறும் கண்ணுக்கு லாரிகள் தீப்பெட்டி மாதிரி இருந்தன. கேமராவைக் கண்ணில் வைத்து, குழலை இழுங்கள், பிறகு வளையத்தைத் திருப்புங்கள் என்றார். இழுத்தேன், திருப்பினேன். புகைபோல இருந்ததற்குள்ளிருந்து ஒரு லாரியின் நெற்றி வெளியே வந்தது. அதில் தமிழ் எழுத்து.

ஸ்ரீஜா டீச்சரும் கரும்பலகையும் இல்லாமல், யாரும் எனக்கென்று எழுதிக் காட்டாமல், இந்த ஊரில் தமிழ் எழுத்து தானாக என்னைத் தேடி வந்தது அன்றைக்குத்தான். நாமக்கல் என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே தர்ஷன், தாரிணி என்று இரண்டு பெயர். லாரிக்காரனின் பிள்ளைகளாக இருக்க வேண்டும். அந்தப் பிள்ளைகளை நான் பார்க்கப்போவதில்லை. அவர்களுக்கும் என்னைத் தெரியப்போவதில்லை. ஆனாலும் அவ்வளவு தூரத்திலிருந்து அவர்கள் பெயரை வாய்விட்டுப் படித்தேன். ஜம்புநாதன் சார் என்னவோ கேட்டார். எனக்குக் காதில் விழவில்லை. கேமராவைத் திருப்பிக் கொடுக்க மனசே வரவில்லை.

அன்று சாயங்காலம் நீ போன் பண்ணினாய். வகுப்புப் பரீட்சைத் தாள் திருத்துகிற அவசரத்தில் இருந்தாய். பூஞ்சை இருக்காப்பா என்று கேட்டாய்.

இருக்கும்மா என்று சொல்லிவிட்டேன்.

யோசித்துச் சொல்லவில்லை. முதலிலிருந்தே அப்படித் திட்டம் போட்டேன் என்று நினைக்காதே. ஆனால் சொன்ன பிறகு திருத்திக்கொள்ள நேரம் இருந்தது. நீ ஐயோ என்றாய், பிறகு நல்லவேளை நீங்கள் போய்ப் பார்த்தீர்கள் என்றாய், அவரிடம் வேண்டாம் என்று நானே மெசேஜ் அனுப்பிவிடுகிறேன் என்றாய். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன்? நீ சிரமப்படாதே, நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன். அதுதான் யோசித்துச் சொன்ன பொய்.

மறுநாள் காலையில் போய் அந்த லென்ஸை எனக்கென்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை.

நேற்று மேலே உள்ள வரியை எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்துவிட்டேன். இன்று படித்துப் பார்த்தேன். எழுத்துப்பிழை இல்லை.

எனக்கு ஆசை வந்துவிட்டது, இதை நானே வைத்துக்கொள்ளட்டுமா என்று உன்னிடம் கேட்டிருக்கலாம். நீ தந்திருப்பாய். அதுதான் கேட்க முடியவில்லை. உன் அம்மாவிடம்கூட எனக்கென்று ஒரு சட்டை கேட்டு வாங்கியதில்லை. அவளாகப் பார்த்து எடுத்துத் தருவாள். இந்த வயதில் ஒரு பொருளின் மேல் ஆசை வந்தது என்று மகளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. பொய் சொல்ல மட்டும் வெட்கமாக இல்லை, பார்.

ஜம்புநாதன் சார் அதை உனக்குத்தான் வாங்குகிறேன் என்று நினைத்தார். நான் இல்லை என்று சொல்லவில்லை. மலைமேல் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கும் பெண், காட்டுப் பறவைகளைப் படம் எடுக்கப்போகிறாள் என்பதில் அவருக்கு அத்தனை சந்தோஷம். சொன்ன விலையிலும் குறைத்துக்கொண்டார். தோல் பையைச் சும்மா கொடுத்தார். உன் கேமராவில் மாட்டுவதற்கு ஒரு வளையம் வேண்டுமாம், அதையும் எங்கேயோ அலைந்து முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தார். பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்டார். முதலில் எடுக்கும் படத்தை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள் என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் லென்ஸில் ஒன்றும் தெரியவில்லை. கேமரா இல்லாமல் அது வெறும் குழல்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் நான் விளக்குக் கண்ணாடியோடு வாழ்ந்தவன் இல்லையா. ஒரு கண்ணாடி குவித்துத் தருவதை இன்னொரு கண்ணாடி வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. நம் தெருமுனையில் கடிகாரம் ரிப்பேர் பண்ணும் இர்பானிடம் போனேன். கண்ணில் இடுக்கிக்கொள்வானே, அந்தக் கண்ணாடியில் பழையது ஒன்றைக் கேட்டேன். எதற்கு என்று விடாமல் கேட்டான். சொன்னேன். நக்கோ சாச்சா, வேண்டாம், இதுக்கு எதுக்கு இவ்வளவு கஷ்டம், துர்பீன் வாங்கினால் போதுமே என்று சிரித்தான். தூரத்தில் இருப்பதைப் பார்க்க அப்படி ஒன்று கடையில் விற்கிறது என்பது எனக்குத் தெரியாததா? ரயில்வே ஆபீசர் கையில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். உன்னிடமிருந்து பறித்துக்கொள்ளும் வரை அது ஞாபகத்துக்கே வரவில்லை.

ஆனாலும் அவன் கொடுத்ததை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். லென்ஸின் பின்னால் அதை வைத்து முன்னும் பின்னும் நகர்த்தினேன். எல்லாம் தெரிந்தது, ஆனால் தலைகீழாகத் தெரிந்தது. தண்டவாளம் மேலே, வானம் கீழே. சாயங்காலம் தாம்பரம் போகும் வண்டி செகந்திராபாத்தை விட்டுக் கிளம்பி நம் பக்கம் மெதுவாக வருமே, சில நாள் சிக்னலுக்கு நிற்குமே, அன்றைக்கு நின்றது. பெட்டியில் பலகை இருந்தது. அதில் தெலுங்கு, இந்தி, இங்கிலீஷ், அப்புறம் தமிழ். எல்லாம் கால் மேலே தலை கீழே.

என்ன பண்ணினேன் தெரியுமா? கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டு, மல்லாந்து படுத்து, தலையை விளிம்பில் தொங்கவிட்டு, லென்ஸைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். எழுத்து நேராகிவிட்டது. தாம்பரம் என்று படித்தேன். கீழ்வீட்டு அம்மா துணி எடுக்க வந்தவர் எனக்கு மயக்கம் என்று நினைத்துக் கத்திவிட்டார். தண்ணீர்ச் செம்போடு ஆட்கள் ஓடிவந்தார்கள். நான் தலையைத் தொங்கப்போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

லிஸி, அத்தனை வருஷம் நான் ஏணியில் ஏறி சிக்னலுக்கு விளக்கு வைத்திருக்கிறேன். கடந்து போன வண்டிகளின் பெயரெல்லாம் நேரத்தை வைத்தும் சத்தத்தை வைத்தும்தான் எனக்குத் தெரியும். எங்கே போகிறாய் என்று ஒரு வண்டியையும் நான் படித்துத் தெரிந்துகொண்டதில்லை. அன்றைக்குப் படித்தேன். அதன் பிறகு தினமும் சாயங்காலம் கட்டிலில் தலையைத் தொங்கவிட்டுக்கொண்டேன். இதை எழுதும்போதுகூட சந்தோஷமாகத்தான் இருக்கிறது. தப்பு செய்கிறவனுக்குச் சந்தோஷம் வராது என்று நினைத்திருந்தேன். வருகிறது. வண்டி போன பிறகு தலையைத் தூக்கி உட்காரும்போதுதான் நெஞ்சில் பாரமாக இருக்கிறது.

புதன்கிழமை.

ஜம்புநாதன் சார் போன் பண்ண ஆரம்பித்தார். பார்சல் அனுப்பியாயிற்றா என்றார். ஆயிற்று என்றேன். பெண்ணுக்குக் கிடைத்ததா என்றார். கிடைத்தது என்றேன். என்ன படம் எடுத்தாள் என்றார். பரீட்சை நேரம், வேலை அதிகம் என்றேன். நல்ல மனிதர், அதற்கும் பாவம் பிள்ளை என்று உனக்காக இரக்கப்பட்டார். அவர் பெயர் செல்லில் வந்தாலே எனக்கு வியர்க்கும். செல்லில் வரும் பெயரையும் நானே படித்துத் தெரிந்துகொள்கிறேன். படிக்கத் தெரிந்ததில் இப்படி ஒரு கஷ்டமும் இருக்கிறது.

நீயும் பேசினாய். உங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் என்னைப் பற்றிச் சொன்னாயாம். எங்கள் அப்பா இந்த வயதில் படிக்கக் கற்றுக்கொண்டு, நான் எழுதி அனுப்பியதை வரி வரியாகப் படித்துப் பார்த்து, நான் ஏமாறாமல் காப்பாற்றினார் என்று. அன்றைக்கு என்னால் சாப்பிட முடியவில்லை.

அதற்குப் பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. போன சனிக்கிழமை நீ அந்த இருவாச்சியைப் பற்றிச் சொன்னாய். எஸ்டேட் ரோட்டிலிருந்து தெரியும் பெரிய மரப்பொந்தில் பெண்பறவை உள்ளே போய், ஒரு கீற்று இடைவெளி மட்டும் விட்டுவிட்டு வாசலை அடைத்துக்கொண்டு குஞ்சு பொரித்திருக்கிறது என்றாய். ஆண்பறவை அத்திப்பழம் கொண்டுவந்து அந்தக் கீற்று வழியாக ஊட்டுகிறது என்றாய். கிட்டே போகக் கூடாது, ரோட்டில் நின்றுதான் பார்க்க வேண்டும், உன்னிடம் இருக்கும் சின்ன லென்ஸில் எடுத்தால் பறவை கடுகு மாதிரி விழுகிறது என்றாய். காட்டு வாட்ச்சர் சொன்னாராம், இந்த மாதம் முடிவதற்குள் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும், பிறகு அடுத்த வருஷம்தான் என்று. பிள்ளைகளுக்குப் படம் எடுத்துக் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன், முடியாது போலிருக்கிறது, பரவாயில்லை அப்பா, பூஞ்சை பிடித்ததை வாங்கி ஏமாறுவதைவிட இது மேல் என்றாய்.

பரவாயில்லை என்று நீ சொன்னதுதான். திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

அன்று சாயங்காலம் வண்டி வந்தது, சிக்னலில் நின்றது. நான் கட்டிலில் உட்கார்ந்துதான் இருந்தேன். படுக்கவில்லை. மறுநாள் பூசை முடிந்து வந்து இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். ஆரம்பித்தும் என்ன பண்ணினேன் பார். தண்ணீர்க் கஷ்டம், ஃபேனைப் பார்க்கும் பிள்ளைகள் என்று ஒரு நாளை ஓட்டிவிட்டேன். கடிதம் முடியட்டும், பிறகு லென்ஸை அனுப்பலாம் என்று நினைத்தேன். என் வேகத்துக்குப் பறவை காத்திருக்குமா? இன்று காலையில் பேனாவை வைத்துவிட்டு, லென்ஸை எடுத்துக்கொண்டு லோத்குண்டாவுக்குப் பஸ் ஏறினேன். கண்ணாடிப் பொருளைப் பார்சல் கட்டும் விதம் எனக்குத் தெரியாது. தெரிந்தவரிடம் போகாமல் முடியாது.

பையைப் பார்த்ததும் ஜம்புநாதன் சாருக்கு முகம் வாடிவிட்டது. ஏன், சரியாக வேலை செய்யவில்லையா என்றார். வேலை செய்யாதது நான்தான் சார் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். பூஞ்சை என்று சொன்னது, அவரிடமே பார்சல் போயிற்று என்று சொன்னது, இர்பானின் கண்ணாடி, கட்டில், எல்லாம். அவர் லென்ஸை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். அப்புறம் கேட்டார்.

"என்ன படிச்சீங்க?"

தாம்பரம் என்றேன். வேறே என்றார். வேறே ஒன்றும் இல்லை சார், தினமும் அது ஒன்றுதான் என்றேன். அவர் லென்ஸை மேஜையில் வைத்துவிட்டு, நீங்கள் என்னிடம் பொய் சொன்னதை நான் மறந்துவிடுவேன், அந்தப் பெண்ணிடம் சொன்னதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது என்றார். பிறகு அட்டைப்பெட்டி தேட எழுந்தார். கோபமாக இருக்கிறாரா இல்லையா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் காபி வந்தது.

இப்போது அவர் வீட்டு மேஜையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அவர் பஞ்சும் பேப்பரும் சுற்றிக்கொண்டிருக்கிறார். நீ அன்றைக்குக் கேட்ட கேள்விக்கு, நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டிய பதிலை இப்போது எழுதுகிறேன். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டேன்.

லென்ஸ் பழசு, ஆனால் கண்ணாடி நல்ல கண்ணாடி. உள்ளே பூஞ்சை இல்லை. கீழே நோக்கிப் பிடித்தால் குழல் தானாகச் சரிந்து இறங்கும். சைக்கிள் ட்யூபில் ஒரு வளையம் வெட்டி மாட்டியிருக்கிறேன், இப்போது நிற்கிறது. தானாக ஃபோகஸ் ஆகாது, கையால்தான் திருப்ப வேண்டும். முழுக்க இழுத்து வைத்தால் ஓரங்கள் கொஞ்சம் மங்கும். அதற்கு உள்ளே வெளிச்சம் விடும் வாசலை இரண்டு சொடுக்கு மூடிவிட்டால் கூர்மையாகிவிடும், ஆனால் வெளிச்சம் நிறைய வேண்டும், காலை வெயில் மரத்தில் விழும் நேரமாகப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள் என்கிறார். சூரியனுக்கு எதிரே பிடித்தால் எல்லாம் வெளுத்துவிடும். கல்யாண வீட்டுக்கு, ஓடுகிற பிள்ளைகளுக்கு இது லாயக்கில்லை. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் பறவைக்கு இது போதும், இந்த விலைக்கு இதைவிட நல்லது கிடைக்காது என்கிறார். வாங்கலாமா என்று கேட்டாய். வாங்கலாம் அம்மா.

பெட்டியில் சின்னச் சின்ன வெள்ளைப் பொட்டலங்கள் இருக்கும். மாத்திரை டப்பாவில் ஈரம் இழுக்கப் போடுவார்களே, அவைதான். ஜம்புநாதன் சார் ஒரு டப்பா நிறைய வைத்திருக்கிறார். உங்கள் மலையில் மழைக்காலம் ஆரம்பித்தால் துணியே காயாது என்று நீ சொல்வாய். அந்த ஈரத்தில்தான் கண்ணாடிக்குள் பூஞ்சை வருமாம். லென்ஸை மூடி போட்ட டப்பாவில் இந்தப் பொட்டலங்களோடு வை. மாதத்துக்கு ஒரு தடவை வெளியே எடுத்து வெயில் காட்டு. சட்டையால் துடைக்காதே.

இன்னும் மூன்று வேண்டுதல் உண்டு. எனக்கு துர்பீன் வாங்கி அனுப்பிவிடாதே. உன் குணம் எனக்குத் தெரியும், படித்த உடனே அதைத்தான் செய்வாய். அனுப்பினால் நான் பெட்டியைப் பிரிக்கமாட்டேன். முதல் படத்தை ஜம்புநாதன் சாருக்கு அனுப்பு, அது அவருக்குச் சேர வேண்டியது. எனக்குப் படம் வேண்டாம். உன் கையால் இரண்டு வரி எழுதிப் போடு. திட்டித்தான் எழுத வேண்டும் என்றாலும் எழுது. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடு, நான் கூட்டிக்கூட்டிப் படித்துக்கொள்கிறேன். இந்தத் தடவை தலையை நேராக வைத்துக்கொண்டு படிப்பேன்.

பார்சல் ஆபீஸ் மூடுவதற்குள் போக வேண்டும் என்று சார் சட்டை மாட்டிக்கொண்டு நிற்கிறார்.

ஆண்டவர் அந்தப் பொந்துக்குள் இருக்கும் தாயையும் குஞ்சையும், ரோட்டில் நின்று பார்க்கும் உன்னையும் ஒரே சிறகின் கீழ் வைத்துக் காக்கட்டும். உன் கண்ணில் பட்ட பிறகே அவை பறந்து போகட்டும். கண்ணாடி ஈரம் படாமல் இருக்கட்டும். பூஞ்சை என்று அப்பா சொன்ன சொல் பலிக்காமல் பார்த்துக்கொள் அம்மா.

உன்னிடம் முகம் காட்ட வெட்கப்படும்,
உன் அப்பா
சவரிமுத்து.

நம் தெருவில் இர்பானும் உன்னை விசாரித்ததாகப் போடச் சொன்னான்.